கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு சிறுத்தை

உருளைக்கிழங்கில் ஆங்கில ‘ஏ’ எழுத்தைச் செதுக்குவது சுலபம். இடம் வலமாகத் திருப்பினாலும் அது ‘ஏ’தான். ‘எஃப்’ எழுத்தில்தான் பையன்கள் தடுமாறுவோம். கிழங்கில் நேராகச் செதுக்கினால் சட்டையில் திரும்பி விழும். அதனால் முதலில் காகிதத்தில் மையால் எழுதி, அதை வெட்டிய கிழங்கின் ஈர முகத்தில் ஒற்றி எடுத்து, அந்தத் தடத்தின் மேலேயே பிளேடை ஓட்டுவோம். எங்கள் தெருவில் இதைக் கண்டுபிடித்தவன் யார் என்று தெரியாது. ஒவ்வொரு வருடமும் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சேலம் அம்மாப்பேட்டை. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட காலம். மார்ச் 31ஆம் தேதி ராத்திரி அம்மாவின் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு கிழங்கு காணாமல் போகும். மறுநாள் காலையில் பிரில் மையில் தோய்த்த கிழங்கைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டவனின் பின்னால் பூனை நடை நடந்து போய், முதுகில் ஓங்கி ஓர் அடி. அடித்த கையோடு “ஏப்ரல் ஃபூல்!” என்று கத்திவிட வேண்டும். அதுதான் சட்டம். கத்தாமல் ஓடிவிட்டால் அது விளையாட்டில் சேராது. சட்டையைப் பாழாக்கிய கணக்கில் சேரும். சாயங்காலம் அவன் அம்மா எங்கள் வாசலில் நிற்பார்.

அந்தக் கத்தலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரு முறை கத்தாமல் விட்டிருக்கிறேன்.

1991 டிசம்பர். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வழக்கம்போல ஏற்காட்டுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். யார் யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள், சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் வேறு ஊர், வேறு காற்று. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். இன்றும் டிசம்பர் என்றால் மலையில் பழம் பறிப்பதுதான் வேலை, பேச்சு எல்லாம்.

காபிப் பழம் பறிப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே கிளையில் பச்சைக் காயும் இருக்கும், சிவந்த பழமும் இருக்கும். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். இடுப்பில் கட்டிய சாக்கு நிறைய நிறைய பாரம் முதுகை இழுக்கும். பனி விழுந்த செடிக்குள் புகுந்து வந்தால் சேலை முழுக்க நனைந்திருக்கும். சாயங்காலம் எடை போட்டு, எடைக்குத்தான் கூலி. வராத நாளுக்கு ஒரு பைசா கிடையாது. பழமும் காத்திருக்காது. முற்றிப் பழுத்துவிட்டால் உதிர்ந்து மண்ணோடு போகும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. மாமா நோட்டில் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தவன் நான்.

மாமா பையன் என்னைவிட ஒரு வயது பெரியவன், நல்ல கைவேலைக்காரன். காபிச் செடிக்கு நிழலுக்காகவும் மிளகுக் கொடி பற்றி ஏறுவதற்காகவும் தோட்டத்தில் கல்யாண முருங்கை வைத்திருப்பார்கள். அதன் கட்டை மெத்தென்று இருக்கும், பேனாக்கத்தியே போதும். நான் உருளைக்கிழங்குக் கதையைச் சொல்ல, அவன் அந்தக் கட்டையில் ஒரு பாதம் செதுக்கினான். நடுவில் பெரிய மெத்தை, மேலே நான்கு விரல்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் கூராக ஒரு நகம். நகம் என்னுடைய யோசனை. நகம் இல்லாவிட்டால் பார்க்கிறவருக்குப் பயம் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன்.

ஏற்காட்டில் காட்டெருமை என்றால் யாரும் அதிசயப்பட மாட்டார்கள். ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். சிறுத்தை அப்படி இல்லை. பெயரைச் சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும்.

விடிவதற்கு முன்னால் இரண்டு பேரும் எழுந்து போனோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பனி விழுந்து மண் பதமாக இருந்தது. ஓர் அடி தள்ளி ஓர் அடியாகக் கட்டையை அழுத்திக்கொண்டே போனோம். நாற்பது தடமாவது இருக்கும். கடைசித் தடத்தைப் புதருக்குள் திருப்பிவிட்டோம். ஏழு மணிக்குப் பெண்கள் சாக்கோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து புதரைப் பார்த்தார், அப்படியே எல்லோரும் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

நாங்கள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தோம். அதுதான் கத்த வேண்டிய நேரம். அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டோம்.

அன்று தோட்டத்தில் ஒரு சாக்குப் பழம்கூட இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் பக்கத்து மலைக்கிராமத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் காணோம் என்றார்கள். சாயங்காலம் அந்தக் கன்றுக்குட்டியின் பாதி உடம்பை ஒருவர் பார்த்துவிட்டார். ராத்திரி இரண்டு கண்கள் பேட்டரி லைட் மாதிரி எரிந்ததை இரண்டு வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். இருட்டில் எதையோ பார்த்தார்கள். பெயர் எங்களால் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நாள் வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம் பார்த்தார். பிறகு, “இது சிறுத்தை இல்லீங்க. பூனைச் சாதி எதுவும் நடக்கிறப்ப நகத்தை உள்ளே இழுத்துக்கும். தடத்தில நகம் விழாது. நாய்க்குத்தான் நகம் விழும். நாய்க்கால் இவ்வளவு பெருசு கிடையாது. யாரோ வேலை பண்ணியிருக்காங்க” என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முதுகு சில்லிட்டுவிட்டது.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் வந்து, பார்த்து, காரணத்தோடு சொல்லிவிட்டார். ஆனால் மூன்றாம் நாளும் யாரும் தோட்டத்துக்கு வரவில்லை. மாமா லைனுக்குப் போய்க் கேட்டபோது ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “பாரஸ்ட்காரங்க அப்படித்தான் சொல்வாங்க ரைட்டரய்யா. ஆளை அடிச்சிட்டா அவங்கதானே பதில் சொல்லணும்.”

தவறான பேச்சு என்று அதைத் தள்ளிவிட முடியாது. மறுப்பவருக்கு அதில் என்ன லாபம் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். பிற்காலத்தில் இதே கணக்கை வேறு பல இடங்களில் பார்த்தேன். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு பேச்சு தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. எங்கள் பக்கத்தில் மளிகைக் கடையில் நீட்டினால் கடைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: இதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று. அறிக்கையைச் செல்போனில் காட்டியும் எங்கள் கடைக்காரர் வாங்கவில்லை. “அவங்க சொல்லுவாங்க தம்பி, நாளைக்கு நான் குடுத்தா யாரு வாங்குவாங்க?” அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் வந்து சொன்னால் ஒருவேளை கடைக்காரர் நம்புவார்.

மூலிகைப் பெட்ரோலும் இப்படித்தான். ராமர் பிள்ளை 1996இல் தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்துப் பெட்ரோல் எடுத்துக் காட்டினார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் அதைப் பற்றி ராத்திரி ராத்திரியாகச் சண்டை நடந்தது. விஞ்ஞானிகள் இல்லை என்று சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கம்பெனிகள் ஒரு தமிழனை அமுக்குகின்றன என்ற பேச்சுதான் பலமானது. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது, அன்று சண்டை போட்ட நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தேன். “இப்பவும் எனக்கு முழுசா நம்பிக்கை போகலைடா” என்றான். ஏழைக் கிராமத்தான் ஒருவன் உலகத்தை ஜெயித்துவிட்டான் என்ற சந்தோஷத்தை அவனிடமிருந்து பிடுங்க எனக்கும் மனம் வரவில்லை.

என் சிறுத்தைக்கு வருகிறேன். மலையில் கிளம்பிய பேச்சு பஸ்ஸில் இறங்கியது. 20 வளைவுகளில் ஒவ்வொரு வளைவுக்கும் ஏதோ ஒன்று கூடியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் என் அப்பா காதில் விழுந்தபோது, ஏற்காட்டில் சிறுத்தை ஒரு பள்ளிக்கூடப் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்த பையன் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன் வசதி கிடையாது. ராத்திரி முழுக்க அப்பாவும் அம்மாவும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

பல வருடம் கழித்து, லாக் நெஸ் ஏரி விலங்கைப் பற்றிப் படித்தபோது அந்தத் திண்ணை ஞாபகம்தான் வந்தது. ஸ்காட்லாந்தின் அந்த ஏரியில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு 1933இல் சூடு பிடித்தது. டெய்லி மெயில் பத்திரிகை மார்மடியூக் வெதரல் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. அவர் போன கொஞ்ச நாளிலேயே ஏரிக்கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். அச்செடுத்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துச் சொன்னார்கள்: இது நீர்யானைக் கால். பாடம் செய்து வைத்த ஒரே காலை வைத்து மாற்றி மாற்றி அழுத்திய தடம். கல்யாண முருங்கைக் கட்டை இல்லை, நீர்யானைக் கால். மற்றபடி எங்கள் வேலையேதான்.

அவமானப்பட்ட வெதரல் அதோடு நிற்கவில்லை. பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேல் கழுத்தும் தலையும் ஒட்டி ஏரியில் மிதக்கவிட்டுப் படமெடுத்தார்கள். தன் பெயரில் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, மரியாதைப்பட்ட ஒரு லண்டன் மருத்துவரின் பெயரில் படம் 1934 ஏப்ரலில் டெய்லி மெயிலில் வந்தது. நீண்ட கழுத்து தண்ணீரிலிருந்து வளைந்து எழும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலையைச் செய்தவர் வெதரலின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது 1994இல். 60 வருடம்! அதற்குள் எத்தனை பேர் படகும் கருவியுமாக அந்த ஏரியைத் துழாவியிருப்பார்கள். இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்பர்லிங் சொன்னதைப் பொய் என்று வாதாடியவர்களும் உண்டு. காலம் கடந்து உடைத்தால் உடைத்தவர் பேச்சும் எடுபடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொது மக்களை ஏமாற்றும் எல்லா வேலையையும் நான் வெறுக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி பிபிசி தொலைக்காட்சியில் ‘பனோரமா’ நிகழ்ச்சி. செய்தி ஒளிபரப்பில் இங்கிலாந்தே மதிக்கும் ரிச்சர்ட் டிம்பிள்பியின் குரல். சுவிட்சர்லாந்தில் இந்த வருடம் ஸ்பகெட்டி அமோக விளைச்சல் என்று மூன்று நிமிடப் படம். பெண்கள் மரக்கிளைகளிலிருந்து ஸ்பகெட்டி இழைகளைப் பறித்துக் கூடையில் போட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். நம் ஊரில் சேமியா மரத்தில் காய்க்கிறது என்று சொன்ன மாதிரி. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு ஸ்பகெட்டி பழக்கமில்லாத பண்டம். எப்படி வளர்ப்பது என்று போன் மேல் போன். ஒரு துண்டு ஸ்பகெட்டியைத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டு வைத்து நல்லது நடக்கும் என்று நம்புங்கள் என்று பிபிசியில் பதில் சொன்னார்களாம். டிம்பிள்பி அன்றைய நிகழ்ச்சியை முடிக்கும்போது இன்று ஏப்ரல் முதல் நாள் என்பதைச் சொல்லித்தான் விடைபெற்றார். முதுகில் அடித்தார், கத்தினார். எங்கள் தெருச் சட்டப்படி சுத்தமான ஆட்டம். சிலருக்குக் கோபம் வந்தது உண்மை. செய்தி சொல்கிற இடத்தில் விளையாட்டா என்று. அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் போன் செய்து திட்ட ஓர் ஆள் இருந்தார், ஒரு நம்பர் இருந்தது.

நம் நாட்டை வைத்து அமெரிக்காவில் ஒரு புரட்டு நடந்தது. வானத்தில் கயிறு நின்று, அதில் பையன் ஏறி மறைந்துபோகும் இந்தியக் கயிற்று வித்தை. 1890இல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை, இரண்டு அமெரிக்கர்கள் இந்தியாவில் அதை நேரில் பார்த்ததாகவும், புகைப்படத்தில் மட்டும் கயிறும் பையனும் விழவில்லை என்பதாகவும் எழுதியது. எழுதியவர் ஜான் எல்பர்ட் வில்கி. பின்னாளில் அமெரிக்க ரகசியக் காவல் பிரிவுக்கே தலைவரானவர். நாலு மாதம் கழித்து, அது புனைந்த கதை என்று பத்திரிகை ஒப்புக்கொண்டது. கதையை ஊர் ஊராக எடுத்து அச்சிட்டவர்கள் அந்த ஒப்புதலைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து கயிற்று வித்தை எங்கே எங்கே என்று தேடினார்கள். லண்டன் மாயவித்தைக்காரர்கள் சங்கம் 1934இல், திறந்தவெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) பரிசு என்று அறிவித்தது. யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. கத்தினால் மட்டும் போதாது, அடித்த சத்தம் கேட்ட தூரத்துக்கு அந்தக் கத்தலும் கேட்க வேண்டும் என்று அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சேலத்துக்காரர்களுக்கு வேஷம் புதிதில்லை. ஆடி மாதம் குகைப் பகுதி மாரியம்மன் பண்டிகையில் வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர் ஆட்கள் சிவனாக, விஷ்ணுவாக, அம்மனாக வேஷம் கட்டி, விளக்கு அலங்கார வண்டியில் வருவார்கள். நேற்று நமக்குக் காய்கறி எடை போட்டவர் இன்று சடாமுடியும் பாம்புமாக அசையாமல் இருப்பார். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கைகூப்புவோம். சிறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அந்த அம்மன் கண்ணை இமைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதில் ஏமாற்று இல்லை. வேஷம் கட்டியவர், பார்க்கிறவர் இரண்டு பேரும் சம்மதித்த விளையாட்டு அது.

எனக்கு நடுக்கம் தருவது ஒரு வீடியோ. கராச்சியில் எடுத்தது. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைப் பிடித்துக் காட்டுகிறார்கள்: ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்று. பெற்றோருக்கு விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. யாரோ ஒருவர் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டினார். குழந்தை திரும்பி வருவதும் அட்டையும் போய்விட்டன. தூக்கிக்கொண்டு போவது மட்டும் மிஞ்சியது. அது 2018இல் நம் செல்போன்களுக்கு வந்து சேர்ந்தது. வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்ற குரல் பதிவுகளும் சேர்ந்துகொண்டன.

என் அக்கா அப்போது என் வாட்ஸாப்பிலும் அனுப்பினார். பிள்ளைகளை வெளியே விடாதே என்று கீழே எழுதியிருந்தார். பாசத்தில்தான் அனுப்பினார். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். வழியில் ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக. அந்த வயதான அம்மா அடிபட்டே இறந்துபோனார். நாட்டில் பல இடங்களில் இப்படிச் சாவு நடந்த பிறகு, ஜூலையில் வாட்ஸாப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. வெட்டியவர் யார் என்று தெரியாது. போன் செய்து திட்ட நம்பர் இல்லை. அவர் எங்கேயோ உட்கார்ந்து, நாங்கள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்ற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாரா, இல்லை மறந்தே போனாரா?

போளூர்ச் செய்தியைப் படித்த அன்று மாமா பையனுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. “நம்ம அன்னிக்குச் சொல்லிட்டோம்ல” என்றான்.

சொன்னோம். மூன்றாம் நாள் சாயங்காலம். அப்பா திண்ணையில் உட்கார்ந்த விதம்தான் என்னைச் சொல்ல வைத்தது. மாமா கை ஓங்கவில்லை. “கட்டை எங்கடா?” என்று மட்டும் கேட்டார். கோழிக் கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்தோம். எங்களைக் கூட்டிக்கொண்டு லைனுக்குப் போனார். பெண்கள் அடுப்புப் பற்ற வைக்கிற நேரம். மாமா நடந்ததைச் சொன்னார். நானும் சொன்னேன், அழுதுகொண்டே.

யாரும் நம்பவில்லை.

அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “பழம் உதிருதுன்னு சின்னப் பசங்களைக் கூட்டியாந்து சொல்ல வைக்கிறீங்களா ரைட்டரய்யா?” வனத்துறைக்காரரைப் பார்த்த அதே கணக்கோடு எங்களையும் பார்த்தார்கள். இதில் யாருக்கு லாபம்? எஸ்டேட்டுக்கு லாபம். அப்படியென்றால் பையன்கள் சொல்வதும் எஸ்டேட்டின் பேச்சுதான்.

கூட்டத்தில் மூத்தவர் ஒரு பாட்டி. பாதையில் அன்று முதலில் நின்று குனிந்து பார்த்தவர். மாமா பையன் கையிலிருந்த கட்டையை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வாசலில் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். எடுத்தார். நகத்தோடு நாலு விரல். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பெண்கள் எல்லோரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். பாட்டி கடைசித் தடத்துக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கட்டையைத் திருப்பிக் கொடுத்து, “மூணு நாளு கூலி போச்சு சாமி” என்றார். குரலில் கோபம் இல்லை. விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் ஏழு மணிக்கு எல்லோரும் இறங்கினார்கள். மாமா எங்கள் இரண்டு பேர் இடுப்பிலும் சாக்கைக் கட்டி, பாட்டி பறிக்கும் வரிசையில் விட்டார். அப்பாவும் சேலத்துக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு சாக்கு வாங்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் என் விரல் நுனி எல்லாம் பிசுபிசுத்து வலிக்க ஆரம்பித்தது. நான் பச்சைக் காயைப் பறிக்கும்போதெல்லாம் பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, எது பழம் என்று காட்டினார். சாயங்காலம் தராசில் போட்டபோது, நாங்கள் மூன்று பேரும் பறித்தது சேர்த்தும் அவர் ஒருவர் பறித்ததற்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. மாமா அதையும் பாட்டியின் பேரிலேயே நோட்டில் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தேன்.